கார் பற்றரியில் லப்டொப் ஓட்டுவது எப்படி?

பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் வன்னி. இன்று மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ மழையோடு கரண்ட் நின்றால், வாசலில் நிற்கும் காரை வைத்தே லப்டொப் வேலையை முடிக்கலாம்.

முதலில் லப்டொப் சார்ஜரைத் திருப்பி, ‘அவுட்புட்’ என்ற வரியைப் பாருங்கள். பல சார்ஜர்களில் 19 வோல்ட், 3.42 அம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 65 வொட். கார் பற்றரி 12 வோல்ட்தான்; எஞ்சின் ஓடும்போது 14 வரை ஏறும். ஆகவே நேராக வயர் இழுத்துக் கொடுக்க முடியாது, இடையில் ஒரு கருவி வேண்டும்.

டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் லப்டொப் என்றால், அதே வொட் அளவுள்ள ‘பவர் டெலிவரி’ (PD) வகைக் கார் சார்ஜர் வாங்குங்கள். போனுக்கு விற்கும் 20 வொட் சார்ஜர் போதாது. மற்ற லப்டொப்புகளுக்கு 150 வொட் இன்வேர்ட்டர். அது 12 வோல்ட்டை 230 ஆக்கும். உங்கள் சார்ஜர் அதைத் திரும்ப 19 ஆக்கும். இரண்டு இடத்திலும் மின்சாரம் சூடாக வீணாகும் என்பதால், முடிந்தவரை முதல் வழிதான் நல்லது.

சரி, இனி இணைப்போம். எஞ்சினை ஸ்டார்ட் செய்த பிறகே கருவியை சிகரெட் லைட்டர் துளையில் செருகுங்கள். அடுத்து இன்வேர்ட்டர் சுவிட்ச், கடைசியாக லப்டொப். அந்தத் துளையின் பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியர். லப்டொப் 6, 7 அம்பியர் இழுக்கும், பரவாயில்லை. கேத்தலையோ அயன் பொக்ஸையோ மாட்டிவிடாதீர்கள். இன்வேர்ட்டரை வெயில் படாமல், காற்றுப்படும்படி வையுங்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு வேலை செய்பவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 45 அம்பியர்-அவர் கொள்ளளவுள்ள பற்றரியில் பாதியை எடுத்தாலே மூன்று மணித்தியாலம் வரும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் கார் பற்றரி ஸ்டார்ட் செய்வதற்காகச் செய்யப்பட்டது. அடிக்கடி பாதிவரை இறக்கினால் சீக்கிரம் பழுதாகும். நான் ஒரு மணித்தியாலத்தோடு நிறுத்தச் சொல்வேன். பற்றரி இறங்கிவிட்டது என்று இன்வேர்ட்டர் எச்சரித்துக் கத்தட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல இன்வேர்ட்டர்கள் 10.5 வோல்ட் அளவில்தான் கத்தும், அப்போது ஸ்டார்ட் எடுக்கச் சக்தி இருக்காது. முல்லைத்தீவு போகும் காட்டு வீதியில் அப்படி நின்றால் உதவிக்கு ஆள் தேட வேண்டும். ஓட்டோ கியர் காரைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்ய முடியாது.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன வோல்ட் மீற்றர் ஒன்று வாங்கி வையுங்கள். 12.2க்குக் கீழே போனால் உடனே எஞ்சினைப் போடுங்கள். கதவடைத்த கராஜுக்குள் மட்டும் வேண்டாம், புகையில் வரும் காபன் மொனொக்சைட் மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும். காரை முற்றத்துக்கு எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.