ரீவேல் போடுவதற்கு முன் ஜெராக்ஸைப் படியுங்கள்

ரிசல்ட் வந்த ராத்திரியே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் ரீவேல் போட்டுடுங்க, பாஸ் போட்டுடுவாங்க" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். ரீவேல் என்றால் மறுமதிப்பீடு, விடைத்தாளை மறுபடி திருத்தச் சொல்லிக் கேட்பது. அந்தப் பேச்சை நம்பி ஐந்து பேப்பருக்கும் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. எந்த பேப்பரில், எந்தக் கேள்வியில், எத்தனை மார்க் போயிருக்கிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால்தான் மேலே போகலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உங்கள் வளாகத்திலேயே இருப்பார், தேதியும் கட்டணமும் வேறாக இருக்கும், ஆனால் போகிற வழி ஏறக்குறைய இதேதான்.

முதலில் மார்க் எங்கே குறைந்தது என்று பிரித்துப் பாருங்கள். 2021 ரெகுலேஷனில் (பல்கலைக்கழகத்தின் தேர்வு, பாடத்திட்ட விதிகள்) தியரி பாடத்துக்குக் கல்லூரியே போடும் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60; தேர்வை நூற்றுக்கு எழுதுவீர்கள், அதை அறுபதுக்குக் குறைத்துச் சேர்ப்பார்கள். அதற்கு முந்தைய 2017 ரெகுலேஷனில் 20, 80. மொத்தத்தில் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமும் வேண்டும். அதனால்தான் இன்டர்னலில் 35 வைத்திருக்கிறவர் நூற்றுக்கு 43 எழுதி, மொத்தம் அறுபதைத் தாண்டியும் ஃபெயில் ஆகிறார். அவருக்குத் தேவை வெறும் 2 மார்க், அவர் விடைத்தாளின் ஜெராக்ஸ் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நூற்றுக்கு 19 வாங்கியவர் அந்தப் பணத்தில் பழைய கேள்வித்தாள்களை வாங்கிப் படிக்கலாம். (கோபம் வரும், ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.)

இன்டர்னல் மார்க்கில்தான் குறை என்றால் ரீவேலால் ஒன்றும் ஆகாது. லேபுக்கும் புராஜெக்டுக்கும்கூட மறுமதிப்பீடு கிடையாது. இன்டர்னல் சண்டையை செமஸ்டருக்கு முன்பே, பல்கலைக்கழகத்துக்கு மார்க் ஏற்றுவதற்கு முன்பே, பாட ஸ்டாஃபிடம் போட வேண்டும். அங்கே நடக்காவிட்டால் கிளாஸ் அட்வைசர், அப்புறம் துறைத் தலைவரான எச்ஓடி. ஏற்றி முடித்த பிறகு போய் நின்றால் எல்லாரும் பாவமாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

சரி, செமஸ்டர் மார்க்தான் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். விடைத்தாள் நகலுக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும், நகல் வாங்காமல் மறுமதிப்பீடு கேட்க முடியாது. 2018 வாக்கில் நகலுக்கு 300 ரூபாய், மறுமதிப்பீட்டுக்கு 400 ரூபாய் ஒரு பேப்பருக்கு இருந்தது. இப்போதைய தொகையையும் கடைசித் தேதியையும் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி தவறினால் முதல்வரே கடிதம் கொடுத்தாலும் கதவு திறப்பது கஷ்டம்.

நகல் வந்ததும் உடனே மொத்த மார்க்கைப் பார்த்து அழ வேண்டாம். கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பார்ட் ஏ பத்து இரண்டு மார்க், பார்ட் பி ஐந்து பதின்மூன்று மார்க், பார்ட் சி ஒரு பதினைந்து மார்க். முகப்புப் பக்கக் கட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் உள்ளே விடையின் ஓரத்தில் போட்ட எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் டிக் அடியுங்கள். அதற்கப்புறம் கூட்டிப் பாருங்கள். பிறகு பேனா படாத பக்கத்தைத் தேடுங்கள். இதில்தான் நிஜமாகவே மார்க் ஒளிந்திருக்கும். 13 பி-யைப் பாதி எழுதி, இடம் போதாமல் கடைசிப் பக்கத்தில் தொடர்ந்திருப்பீர்கள், திருத்தியவர் அங்கே போயிருக்கவே மாட்டார். ஏ-வுக்கான விடைக்கு பி என்று எண் போட்டிருப்பீர்கள், சுழித்துவிட்டிருப்பார். கணக்கில் இரண்டாவது வரியில் ஒரு குறி தவறி, மீதி முறையெல்லாம் சரியாக இருந்தும் மொத்தமாக 2 போட்டிருப்பார். இதெல்லாம் கேட்கத் தகுந்தவை. "நான் நிறைய எழுதினேன்", "பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு 70 வந்திருக்கிறது" இரண்டையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அடுத்த கட்டம் பலர் சடங்காகச் செய்துவிட்டுக் கோட்டை விடுவது. அந்தப் பாடம் எடுத்த ஸ்டாஃப் உங்கள் நகலைத் திருத்தி, கேள்விவாரியாக மார்க் போட்டு, மறுமதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்க வேண்டும். மதிய இடைவேளையில் ஓடிப்போய் "மேம், ஒரு கையெழுத்து" என்று நீட்டாதீர்கள். முந்தின நாளே நேரம் கேட்டு வையுங்கள். போகும்போது ஒரு துண்டுத் தாளில் கேள்வி எண், கிடைத்த மார்க், எதிர்பார்ப்பது, ஏன் என்று நான்கே விஷயம். "மேம், 14 ஏ-யில் வரைபடமும் டெரிவேஷனும் இருக்கு, 4 போட்டிருக்காங்க. நீங்க திருத்தியிருந்தா எவ்வளவு போடுவீங்க?" என்று கேளுங்கள். அவர் 5 என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். 9 என்றால் உங்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது. திருத்தியவரைத் திட்டி ஒரு வார்த்தையும் வேண்டாம், எதிரில் இருப்பவரும் இதே போல் கட்டுக் கட்டாகத் திருத்திவிட்டு வந்தவர்தான்.

மறுமதிப்பீட்டிலும் திருப்தி இல்லையென்றால் ரிவியூ என்று ஒரு படி இருக்கிறது, மறுமதிப்பீடு கேட்டவர்கள் மட்டும் போகலாம். கட்டணம் பல மடங்கு அதிகம். ஸ்டாஃப் போட்ட மார்க்குக்கும் வந்த மார்க்குக்கும் பெரிய இடைவெளி இருந்தால் மட்டும் போங்கள்.

இதற்கிடையில் அரியர் ஃபீஸ், அதாவது ஃபெயிலான பேப்பரை மறுபடி எழுதுவதற்கான கட்டணம், கட்டும் தேதி வந்துவிடும். ரீவேல் முடிவு வரட்டும் என்று கட்டாமல் இருக்கக் கூடாது. கட்டுங்கள், படிக்கவும் செய்யுங்கள். பாஸாகிவிட்டால் போன பணம் போகட்டும், ஒரு செமஸ்டர் போவதைவிட அது மலிவு.

"உள்ளே ஆள் இருக்கு, பேப்பருக்கு இவ்வளவு" என்று யாராவது வந்தால் விலகிவிடுங்கள். மறுமதிப்பீட்டில் பணம் வாங்கி மார்க் போட்டதாக 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்கே பதிவு செய்தது நினைவிருக்கும்.

நகல் தரும் ஏற்பாடே இல்லாத அரசுப் பல்கலைக்கழகம் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி உங்கள் விடைத்தாளைக் கேட்கலாம். மாணவருக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. திருத்தியவர் பெயரைத் தர மாட்டார்கள், அது நமக்குத் தேவையும் இல்லை. பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, விடைத்தாளைக் குறிப்பிட்ட காலம் வரைதான் வைத்திருப்பார்கள் என்பதால் சீக்கிரம் எழுதுங்கள்.

மார்க் மாறிவிட்டதா? கல்லூரித் தேர்வுப் பிரிவில் புது மார்க்ஷீட் எப்போது வரும் என்று கேட்டு வையுங்கள். அப்படியே வேலைவாய்ப்பைக் கவனிக்கும் பிளேஸ்மென்ட் செல்லுக்குப் போய் அவர்களுடைய எக்செல்லில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கும் அரியர் எண்ணிக்கையையும் சிஜிபிஏவையும் கையோடு மாற்றச் சொல்லுங்கள். தானாக அதை யாரும் மாற்ற மாட்டார்கள்.