மாரடைப்புக்குப் பின் தாம்பத்திய உறவு: நோயாளியிடம் பேச்சைத் தொடங்குவது எப்படி

மாரடைப்பிலிருந்து தேறி வீடு திரும்புபவரிடம் உப்பு, நடைப்பயிற்சி, மாத்திரை வேளை என எல்லாவற்றையும் விளக்கும் மருத்துவர்களும் செவிலியர்களுமாகிய நாம், தாம்பத்திய உறவைப் பற்றி மட்டும் அவர் கேட்டால் சொல்லலாம் என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலானோர் கேட்பதில்லை. அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் 18 முதல் 55 வயது வரையிலான நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வில், முதல் மாதத்திற்குள் மருத்துவரிடம் இதைப் பேசியவர்கள் பெண்களில் 12 விழுக்காட்டினரும் ஆண்களில் 19 விழுக்காட்டினருமே. அவர்களிலும் பலருக்குக் கிடைத்தவை மருத்துவச் சான்றில்லாத தடைகள்தாம். ஆகவே பேச்சைத் தொடங்க வேண்டியவர்கள் நாமே.

பொது வார்டில் உறவினர் சூழ இருக்கையில் இதைக் கேட்கக் கூடாது, தனியறை வேண்டும். “மாரடைப்பு வந்த பலருக்கும் வீட்டுக்குப் போனபின் கணவன் மனைவி உறவு பற்றிப் பயம் இருக்கும், உங்களுக்கும் இருந்தால் இப்போதே பேசலாம், ஐயா” என்று தொடங்கினால், கேள்வி அவரை மட்டும் சுட்டாது. பெண் நோயாளியிடம் பெண் செவிலியர் பேசுவது நல்லது. நோயாளி சம்மதித்தால் துணையையும் உடன் அமர்த்துங்கள். பல வீடுகளில் விலகி நிற்பது நோயாளியல்லர், அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அஞ்சும் துணைதான். வயதானவர் என்பதற்காக யாரையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து உடல்திறனைப் பாருங்கள். உடலுறவுக்குத் தேவைப்படும் உழைப்பு ஏறத்தாழ 3 முதல் 5 மெட் அளவு (ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலே ஒரு மெட்). இரண்டு மாடி உயரத்துக்குப் படிகளைச் சற்று வேகமாக ஏறும் உழைப்புக்கு இது நிகர். அந்த அளவு உழைப்பில் நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வராதவருக்கு ஆபத்து மிகக் குறைவு. சிக்கலற்ற மாரடைப்பாக இருந்து, மிதமான உழைப்பில் அறிகுறிகள் இல்லையெனில், ஒரு வாரத்திற்குப் பிறகு மீண்டும் தொடங்கலாம் என்கிறது அமெரிக்க இதயச் சங்கத்தின் 2012-ஆம் ஆண்டு அறிக்கை. பைபாஸ் அறுவை செய்தவர்கள் மார்பெலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்கள் பொறுக்க வேண்டும். ஐயமிருந்தால் டிரெட்மில் பரிசோதனை செய்யலாம். நிலையற்ற நெஞ்சுவலியோ கட்டுப்படாத இதயச் செயலிழப்போ உள்ளவர்களுக்கு முதலில் சிகிச்சை.

ஒரே ஒரு செய்திக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால், இதைச் சொல்லுங்கள். விறைப்புக் குறைவுக்கு எடுக்கும் சில்டெனாஃபில், டடலாஃபில் போன்ற மாத்திரைகளும், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைகளும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம். சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்திற்குள்ளும், டடலாஃபில் எடுத்த 48 மணி நேரத்திற்குள்ளும் நைட்ரேட் கூடாது. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் வெட்கப்பட்டு மறைப்பார்கள் என்பதால், கண்டிக்கும் குரலில் கேட்காதீர்கள். உறவின்போது நெஞ்சுவலி வந்தால் உடனே நிறுத்தி ஓய்வெடுக்கவும், வலி நீடித்தால் 108-ஐ அழைக்கவும், இந்த மாத்திரை எடுத்திருந்தால் வருகிறவர்களிடம் மறைக்காமல் சொல்லவும் இருவருக்கும் கற்றுக்கொடுங்கள்.

விறைப்புக் குறைவுக்கு, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையே காரணம் என்று எண்ணி அதைத் தாமாக நிறுத்திவிடுவோர் உண்டு. சர்க்கரை நோய், இரத்தக்குழாய் அடைப்பு, அச்சம் ஆகியவையும் காரணமாகலாம். மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். நோயாளியின் ஒப்புதலோடு, பேசியதை மருத்துவக் குறிப்பில் ஒரு வரியாக எழுதிவையுங்கள். மறுபரிசோதனைக்கு வரும்போது பார்ப்பவர் அங்கிருந்தே தொடரலாம்.