கேம்பிரிட்ஜில் படிக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

நம் இணைப்புக் கல்லூரிகளைப் போலத்தான் கேம்பிரிட்ஜின் 31 கல்லூரிகளும் என்று எண்ணிக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. அங்கே விரிவுரை, ஆய்வுக்கூடம், தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. இளநிலை மாணவர்களைத் தேர்ந்தெடுப்பதும், அறை கொடுப்பதும், இரண்டு மூன்று பேராக உட்காரவைத்துப் பாடம் பேசுவதும் கல்லூரியின் வேலை. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஒரே பாடத்தைப் படிப்பவர்கள் எழுதுவது ஒரே தேர்வுதான்.

ஆகவே, ராமானுஜன் 1914-இல் போய்ச் சேர்ந்த டிரினிடிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பதில் பெரிய லாபம் இல்லை. தேர்ந்தெடுக்கும் கல்லூரியில் உங்கள் பாடம் உண்டா என்று பாருங்கள். நியூன்ஹாம், மர்ரே எட்வர்ட்ஸ் இரண்டும் பெண்களுக்கு மட்டும். உல்ஃப்சன், ஹியூஸ் ஹால் போன்றவை இளநிலையில் 21 வயது நிரம்பியவர்களை மட்டுமே சேர்க்கும். எந்தக் கல்லூரியையும் குறிப்பிடாமலும் விண்ணப்பிக்கலாம். இளநிலைக்கு ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வழியில்லை.

லண்டனில் மாமா வீட்டில் தங்கி ரயிலில் போய்வரலாம் என்ற கணக்கும் எடுபடாது. இளநிலை மாணவர்கள் பருவ நாட்களில் கேம்பிரிட்ஜ் நகர நடுவிலுள்ள கிரேட் செயின்ட் மேரிஸ் தேவாலயத்திலிருந்து மூன்று மைலுக்குள் வசிக்க வேண்டும் என்பது விதி.

பலர் சறுக்கும் இடம் சூப்பர்விஷன். நான் மேலே சொன்ன அந்தச் சிறு வகுப்புதான் அது. கட்டுரையையோ கணக்குகளையோ முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். ஆசிரியர் படித்து, ஓரத்தில் குறித்துக்கொண்டு வந்திருப்பார். மூத்த மாணவரின் பழைய விடையைப் பார்த்து அப்பழுக்கில்லாமல் எழுதிக்கொண்டு போனவர், “இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தீர்கள்?” என்ற ஒரே கேள்வியில் அகப்பட்டுக்கொள்வார். பொதுவாக அந்தத் தாள்களின் மதிப்பெண் பட்டத்தில் சேர்வதே இல்லை. அப்படியிருக்க எதற்காகக் காப்பியடிப்பது? பாதியில் நின்றுபோன கணக்கோடு போங்கள். அந்த ஒரு மணி நேரம் இருப்பதே அதற்காகத்தான். குனிந்த தலையோடு குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பது நம் பள்ளிகளில் நல்ல பிள்ளைக்கு அடையாளம். அங்கே அப்படி இருந்தால் ஒன்றும் புரியவில்லை போலும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பாடம் நடக்கும் பருவம் எட்டே வாரம். விரிவுரை வாரம் வியாழக்கிழமை தொடங்கும் என்பது அந்த ஊரின் தனி வழக்கம். எட்டு வாரத்துக்குள் எல்லாவற்றையும் திணிப்பதால், பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம் என்று நம்பிப் போகக்கூடாது. பருவ நாட்களில் இளநிலை மாணவர்கள் வேலைக்குப் போவதைப் பல்கலைக்கழகமும் விரும்புவதில்லை. ஈஸ்டர் விடுமுறை பெயருக்குத்தான் விடுமுறை, தேர்வுக்குப் படிக்கும் காலம் அது.

முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்குக் கதை வேறு. முதலில் துறை ஏற்க வேண்டும், கல்லூரி பிறகுதான். எனவே கடிதம் எழுத வேண்டியது கல்லூரிக்கு அல்ல, வழிகாட்டியாக வரக்கூடிய பேராசிரியருக்கு. உதவித்தொகைக்கான கெடு பல பாடங்களில் சேர்க்கைக்கான கெடுவுக்கு முன்பே முடிந்துவிடும். இடம் கிடைத்த பிறகு பணத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்தால் இடம் மட்டும்தான் கையில் இருக்கும்.