குடல்வாலை ஸ்கேனில் தேடுவது எப்படி

உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துத் தாலுகா மருத்துவமனைகளில் இரவு நேரத்தில் சிடி ஸ்கேன் கைக்கெட்டாதபோது, குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சியோ என்று சந்தேகிக்கும் வலது அடிவயிற்று வலிக்கு அல்ட்ராசவுண்டுதான் துணை. அதைச் சரியாகச் செய்தால் மதுரைக்கு யாரை உடனே அனுப்ப வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நோயாளியை ஒரே விரலால் வலி அதிகமுள்ள புள்ளியைக் காட்டச் சொல்லுங்கள். புரோபை (உடலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கைக்கருவி) அங்கேயே வையுங்கள். 'குடலேத்தம்' (குடல் ஏறிவிட்டது) என்று வயிறு தட்டிவிட்டு வந்தவரா என்றும் கேளுங்கள். தட்டிய இடமெல்லாம் வலிப்பதால் அந்தப் புள்ளியை முழுதாக நம்ப முடியாது. புள்ளியைக் குறித்துக்கொண்டபின் வலி மருந்து கொடுக்கலாம். அது நோயை மறைத்துவிடும் என்பது பழைய பயம். வலி குறைந்தால்தான் வயிறு தளரும், அழுத்த விடுவார்கள்.

7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் லீனியர் புரோப் போதும். தொப்பை பெரிதென்றால் வளைந்த புரோபுக்கு மாறுங்கள். ஏறு பெருங்குடலைக் குறுக்குவெட்டில் பிடித்துக் கீழே இறங்கினால் பெருங்குடல் தொடங்கும் இடமான பெருங்குடல் பை (சீக்கம்) வரும். நோயாளி மூச்சை வெளிவிடும்போது மெல்ல அழுத்துங்கள். குடல் வாயு விலகி, பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசையும் இடுப்புக்குள் ஓடும் இலியாக் ரத்தக்குழாய்களும் தெரிந்தால் அழுத்தம் போதுமானது. கையை எடுக்கும்போதும் மெதுவாகவே எடுங்கள். சட்டென்று விட்டால் வலியில் துள்ளிவிடுவார், அப்புறம் தொடவே விடமாட்டார்.

குடல்வால் என்று சொல்ல மூன்றும் வேண்டும்: பெருங்குடல் பையிலிருந்து கிளம்ப வேண்டும், நுனி மூடியிருக்க வேண்டும், குடல் அசைவு இருக்கக் கூடாது. சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் அதிகம் ஏமாற்றும். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அது அசையும். அழுத்தியபடியே வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளவெடுங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அழுத்தினாலும் நசுங்காமல் இருந்தால் அழற்சிக்கே சாய்வு. ஆனால் மலமோ வாயுவோ நிறைந்த நல்ல குடல்வாலும் 7 மில்லிமீட்டர் வரலாம். அதனால் 6 முதல் 8 வரை உள்ள அளவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சுற்றுக் கொழுப்பு வெளுத்துத் தடித்திருக்கிறதா, உள்ளே நிழல் விழுத்தும் கல் உண்டா, டாப்ளரில் (ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் முறை) ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதா பாருங்கள். அழுகிய குடல்வாலில் ஓட்டமே இருக்காது என்பதால், ஓட்டம் தெரியாதது நல்ல சேதி ஆகாது. அடிப்பகுதி நன்றாக இருந்து நுனி மட்டும் வீங்குவதும் உண்டு. நுனிவரை பார்க்காமல் விடாதீர்கள்.

கண்ணில் படவில்லையா? இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். இன்னொரு கையால் முதுகுப்புறமிருந்து இடுப்பை முன்னால் தள்ளுங்கள். பையின் பின்னால் ஒளிந்திருப்பது இப்படித்தான் வெளியே வரும். வெடித்துவிட்டால் குடல்வால் சுருங்கிப்போய்த் தெரியாமலும் போகலாம்; அப்போது அங்கே நீர் கோர்த்துத் தேங்கியிருக்கிறதா என்று தேடுங்கள்.

தேடியும் கிடைக்காவிட்டால் அறிக்கையில் 'குடல்வால் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். 'இயல்பு' என்று எழுதிவிட்டால் அடுத்துப் பார்க்கும் மருத்துவர் சந்தேகத்தையே கைவிட்டுவிடுவார். வலது சிறுநீர்க்குழாய்க் கல், பெண்களுக்குச் சூலகம் முறுக்கிக்கொள்வது, கருக்குழாய்க் கர்ப்பம் ஆகியவற்றையும் அதே அமர்வில் பார்த்துவிடுங்கள். நம் பக்கத்தில் குடல் காசநோயை மறக்கவே கூடாது: பெருங்குடல் பைச் சுவர் தடித்து, நடுவில் அழுகிய நெறிக்கட்டிகள் தெரிந்தால் அறுவைக்கு அவசரப்படும் முன் யோசிக்க வேண்டும்.

சந்தேகம் தீராத பெரியவர்களுக்கு சிடி. சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்து, நரம்பு வழியே கான்ட்ராஸ்ட் (படத்தைத் துலக்கும் மருந்து) செலுத்தி, சுமார் 70 வினாடியில் எடுத்தால் போதும். வாய்வழி கான்ட்ராஸ்டுக்காக மணிக்கணக்கில் காக்க வைப்பதால் பெரும்பாலும் பலனில்லை. குழந்தைகளுக்கு அல்ட்ராசவுண்டே முதலில், தேவையென்றால் சில மணி நேரம் கழித்து மறுபடியும். கர்ப்பிணிகளுக்கு மாதம் ஏற ஏற குடல்வால் மேலே தள்ளப்படலாம் என்பதால் மேலேயும் தேடுங்கள். தெளிவில்லையென்றால் காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் இல்லாத எம்ஆர்ஐ. கர்ப்பிணிக்கு எந்த அல்ட்ராசவுண்ட் எடுத்தாலும் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டப்படியான எஃப் படிவம் நிரப்ப வேண்டும், வயிற்று வலிக்கானாலும் சரி.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அளவுகோல் தெரியும் படங்களையும் கூடவே கொடுங்கள். ஸ்கேன் எடுத்த மணி, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், போட்ட ஊசி இவற்றைச் சீட்டில் எழுதுங்கள். வழியில் டீ வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம் என்று கூட வருகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள்.