தேவாரம், நாதஸ்வரம் படிக்க எவ்வளவு செலவாகும்? தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

பிளஸ் டூ முடித்த பிள்ளை "கோயில் இசைதான் படிப்பேன்" என்றால், வீட்டில் முதல் கேள்வி "ஃபீஸ் எவ்வளவு?" என்பதுதான். இந்தப் படிப்பில் ஃபீஸ் சின்னத் தொகை. பணம் போவது வேறு வழியில்.

படி 1: என்ன காகிதம் வேண்டும்?

மூன்று வழிகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டுச் சான்றிதழ். கோவை, திருவையாறு, மதுரை, சென்னை அரசு இசைக் கல்லூரிகளில் பட்டம். அறநிலையத்துறைக் கோயில்கள் நடத்தும் ஓதுவார் (கோயிலில் தேவாரம் பாடுபவர்), நாதஸ்வரம், தவில் பயிற்சிப் பள்ளிகள். பழனியில் இருப்பது அப்படி ஒன்று. ஓதுவார் வேலைக்குப் பட்டத்தைவிடத் தேவாரப் பாடசாலைச் சான்றுதான் உதவும். இசை ஆசிரியர் ஆக நினைத்தால் கல்லூரிப் பக்கம் போங்கள். இதை முடிவு செய்யாமல் செலவை ஒப்பிடுவது வீண்வேலை.

படி 2: மொத்தக் காலத்துக்கும் போடுங்கள்

ஒரு நோட்டில் எழுதுங்கள்: (ஆண்டுக் கட்டணம் + விடுதி, சாப்பாடு + போக்குவரத்து) × ஆண்டுகள் + கருவி − உதவித்தொகை.

கோவைக் கல்லூரிக்கு ஒரு மாதிரிக் கணக்கு (தொகைகள் நான் வைத்துக்கொண்டவை, உங்களுடையதை நிரப்புங்கள்): கட்டணம் 5,000, விடுதியும் சாப்பாடும் மாதம் 4,000 வீதம் பத்து மாதத்துக்கு 40,000, ஊருக்குப் போய்வர 4,000. ஆண்டுக்கு 49,000, மூன்றாண்டுக்கு 1,47,000. தமிழ்ப் புதல்வன் அல்லது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 கிடைத்தால் 36,000 கழியும். கைக்காசு 1,11,000. இதில் கட்டணம் வெறும் 15,000தான், பாருங்கள்.

மாவட்ட இசைப்பள்ளிக்கு அண்மை அறிவிப்புகளில் ஆண்டுக் கட்டணம் 350 ரூபாய், மாத உதவித்தொகை 400 ரூபாய். தருமபுரியிலிருந்து தினம் போய்வந்தால் பஸ் செலவுதான் பெரிது. கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது, வேறு வழியில்லை.

கோயில் பயிற்சிப் பள்ளியில் கணக்கு தலைகீழ். உணவும் தங்குமிடமும் இலவசம், முழுநேர மாணவருக்கு மாதம் 10,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றே அறிவிப்புகள் வருகின்றன. ஆனால் கையில் வருவது பட்டமல்ல.

படி 3: கருவியை மறக்காதீர்கள்

தேவாரத்துக்குக் குரலும் தாளமும் போதும், சுருதிக்கு மொபைல் செயலியே ஓடும். நாதஸ்வரம் அப்படியில்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நல்ல வாத்தியம் ஒருமுறைச் செலவு. வாயில் வைத்து ஊதும் சீவாளி அப்படியா? நாணல் தட்டையில் செய்த சின்னச் சாமான், பல் பட்டாலே கெடும். எப்போதும் கையில் இரண்டு மூன்று இருக்க வேண்டும். தவிலுக்குத் தோல் மாற்றும் செலவு அடிக்கடி வரும். ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று ஊர்க்கோயிலில் வாசிப்பவரிடமே கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் விலையைவிட அது நம்பகமானது.

படி 4: போன் போட்டுக் கேட்க வேண்டியவை

"இந்த ஆண்டு தேவாரத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா? விடுதியில் இடம் இருக்கிறதா? காப்புத் தொகை, தேர்வுக் கட்டணம் தனியா? வயது வரம்பு என்ன?" ஆசிரியர் இல்லாத பாடத்துக்குக் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சேராதீர்கள். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், சேர்க்கை நேரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.