வண்டி மேப்பில் வரவில்லையா? ஆடியோவைக் குறைத்துப் பாருங்கள்

ஏபிஆர்எஸ் (அமெச்சூர் ரேடியோ வழியே இருப்பிடத்தை அனுப்பும் முறை) டிராக்கரை வண்டியில் மாட்டி, ஊரைச் சுற்றி வந்து ஏபிஆர்எஸ் டாட் எஃப்ஐ மேப் தளத்தில் உங்கள் நிலைய அடையாளமான கால்சைனைத் தேடினால், ஒரு புள்ளிகூட இல்லை. உடனே ஆன்டெனாவைக் கழற்றாதீர்கள். பல நேரம் கோளாறு டிராக்கர் ரேடியோவுக்குக் கொடுக்கும் ஆடியோ அளவில்தான் இருக்கும்.

இன்னொரு ரேடியோவை அதே அலைவரிசையில் வைத்து ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் வசதி) திறந்து விடுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று வெற்று இரைச்சல் கேட்கும். நடுவே உங்கள் டிராக்கர் அனுப்பும் பாக்கெட் (தரவுத் தொகுப்பு) 'பிர்ர்ப்' என்று வரும்போது, அது அந்த இரைச்சலைவிடக் கொஞ்சம் மெதுவாகக் கேட்க வேண்டும். இரைச்சலுக்குச் சமமாகவோ அதிகமாகவோ கேட்டால் ஆடியோ கூடுதல். தரவைச் சுமக்கும் 1200, 2200 ஹெர்ட்ஸ் தொனிகள் சிதைந்துவிடும். ஒரு பிட் தப்பினாலும், தொனியைத் தரவாக்கும் வழக்கமான டிகோடர் முழுப் பாக்கெட்டையும் தள்ளிவிடும். நம் காதுக்கு நன்றாகத்தான் கேட்கும், அதை நம்பாதீர்கள்.

அப்புறம் டிஎக்ஸ் டிலே, அதாவது ரேடியோ அனுப்பத் தொடங்கிய பின் தரவுக்கு முன் விடும் இடைவெளி. ரேடியோ முழுதாக எழும்புவதற்குள் தரவு தொடங்கினால் தலைப்பகுதி வெட்டுப்படும். 300 மில்லிசெகண்டில் தொடங்கி, சரியாகப் போகிறது என்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாதைக்கு (மற்ற நிலையங்கள் உங்கள் பாக்கெட்டை எத்தனை முறை வாங்கி மறுபடி அனுப்பலாம் என்ற அமைப்பு), ஓடும் வண்டி என்றால் வைட்1-1, வைட்2-1 போதும். அதற்கு மேல் வைத்தால் எல்லோரும் பகிரும் ஒரே அலைவரிசை அடைத்துப்போகும். வீட்டு நிலையம் அரை மணிக்கு ஒருமுறை அனுப்பினாலே தாராளம். அது எங்கும் நகரப் போவதில்லையே.