பகோடா மெர்சிடிஸ் வாங்கப் போகிறீர்களா? ‘ஒரிஜினல்’ என்று நம்பி ஏமாறும் இடங்கள்

மெர்சிடிஸ்-பென்ஸ் 1963 முதல் 1971 வரை தயாரித்த 230 எஸ்எல், 250 எஸ்எல், 280 எஸ்எல் ஆகிய மூன்றையும் கார் பிரியர்கள் ‘பகோடா’ என்பார்கள். நடுவில் தாழ்ந்து இருபுறமும் உயரும் கூரையால் வந்த பெயர் அது. மொத்தம் 48,912 கார்கள் வெளிவந்தன. நல்ல காருக்கு இன்று பெரிய விலை கிடைப்பதால், விற்பவர்கள் எல்லோருமே ‘ஒரிஜினல்’ என்றுதான் சொல்வார்கள்.

பலரும் முதலில் செய்வது, காந்தத்தை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வருவது. கதவில் ஒட்டவில்லை என்றதும் ‘பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள்’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். இந்தக் காரில் பானட், டிக்கி மூடி, கதவுகளின் வெளித் தகடு, மடக்குக் கூரையை மூடும் பலகை எல்லாம் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியும் இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கக்கூடியதாக இருக்கட்டும். 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை காட்டினால் நிம்மதி. 300-ஐத் தாண்டினால் மறுபெயின்ட் என்று கொள்ளலாம். 1,000-ஐத் தொட்டால் அடியில் பட்டி இருக்கிறது.

பளபளப்பில் மயங்கி முன் ஃபெண்டரை, அதாவது முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகட்டைப் பார்க்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பகோடாவின் முன் ஃபெண்டர்களை போல்ட் போட்டு மாட்டவில்லை; பாடியோடு வெல்டு செய்திருக்கிறார்கள். பானட்டைத் திறந்து, ஃபெண்டரின் மேல் விளிம்பு உள்தகட்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் புள்ளி புள்ளியாக வைத்த ஸ்பாட் வெல்டு, சீரான இடைவெளியில் சிறுசிறு வட்டக் குழிகளாகத் தெரியும். விபத்துக்கோ துருவுக்கோ பிறகு ஃபெண்டரை மாற்றியிருந்தால் அந்த விளிம்பு மழமழவென்று இருக்கும், அல்லது தேய்த்துச் சரிசெய்த தடம் தெரியும். ஒரு பக்கம் குழிகள் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால், அடி எந்தப் பக்கம் விழுந்தது என்று ஊகிக்கலாம். ஹெட்லைட்டைக் கழற்ற விற்பவர் சம்மதித்தால், உள்ளேயுள்ள மடிப்பையும் பாருங்கள். எத்தனை கவனமான பட்டறையும் இதை அச்சு அசலாகத் திரும்பச் செய்வது அரிது. என் கணக்கில், இந்த ஓர் அங்குல விளிம்பு பத்துப் பக்க ஆவணத்தைவிட நம்பகமானது.

எண்களை அரைகுறையாகப் பார்ப்பது அடுத்த தவறு. சேசிஸ் எண்ணில் 113.042 என்றால் 230, 113.043 என்றால் 250, 113.044 என்றால் 280. அதைத் தொடரும் 10 என்பது இடப்பக்க ஸ்டீயரிங், கை கியர். 12 என்றால் ஆட்டோமேட்டிக். எஞ்சின் எண் முறையே 127, 129, 130 என்று தொடங்க வேண்டும். 230-இல் 280-இன் எஞ்சினை ஏற்றிய கார்கள் உண்டு. ஓடுவதற்கு அருமையாக இருக்கும், ஆனால் அதை ஒரிஜினல் என்ற விலைக்கு வாங்கக் கூடாது. பின்சக்கரங்களையும் பாருங்கள்: 230-க்கு பின்னால் டிரம் பிரேக், 250 முதல்தான் டிஸ்க்.

கார் எந்த நிறத்தில், எந்த எண்களோடு வெளிவந்தது என்று சொல்லும் தொழிற்சாலைத் தரவு அட்டையின் நகலைக் காட்டினால் அதோடு திருப்தியடையாதீர்கள். மெர்சிடிஸ்-பென்ஸ் கிளாசிக் பிரிவிடம் உரிமையாளரையே விண்ணப்பிக்கச் சொல்லி, வரும் பதிலோடு ஒப்பிடுங்கள். அட்டையிலுள்ள நிறக் குறியீடும் காரின் நிறமும் ஒன்றாக இருந்தால்கூட, டிக்கி விரிப்புக்கு அடியிலும் டேஷ்போர்டின் பின்புறமும் வேறு நிறம் ஒளிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்புக்கு மாற்றினால் விலை கூடும் என்று மாற்றியவர்கள் உண்டு.

அமெரிக்காவுக்குப் போன கார்களில் வட்ட சீல்டு பீம் விளக்குதான் (பல்பும் கண்ணாடியும் ஒன்றாக மூடிய ஹெட்லைட்) இருந்தது. நீண்ட கண்ணாடி கொண்ட ஐரோப்பிய விளக்கு அவற்றில் இருந்தால் பின்னால் மாற்றியது. திருப்பி மாற்ற முடியும் என்பதால் அதற்காகக் காரை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை; பழைய விளக்குகள் கூடவே வருகின்றனவா என்று மட்டும் கேளுங்கள். வேறு காரிலிருந்து வந்த கழற்றும் கூரையும் அப்படித்தான். அதில் குத்தியிருக்கும் பாடி எண் காரோடு பொருந்தாவிட்டால், பேரம் பேசும்போது அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.